மூத்த ஆண்களுக்கான பரிசோதனைத் தொகுப்பும் அதிலிருந்த பி.எஸ்.ஏ. சோதனையும்

திருச்சியில் பல கிளைகளுடன் இயங்கும் தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றில், 76 வயதான என் அப்பாவுக்காக, மூத்த ஆண்களுக்கான முழு உடல் பரிசோதனைத் தொகுப்பை 2025 ஜூலையில் வாங்கினோம். விலை 3,200 ரூபாய். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சிறுநீர், ஈ.சி.ஜி. ஆகியவற்றோடு புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. சோதனையும் அதில் அடக்கம். முடிவுகள் வந்த பிறகு மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் விளக்கம் தருவார் என்றும் சொன்னார்கள். மற்றச் சோதனைகளில் எனக்குக் குறையில்லை. அப்பாவின் சர்க்கரை அளவும் கிரியேட்டினினும் அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் எடுத்ததோடு ஒத்தே இருந்தன. இந்த மதிப்புரை பி.எஸ்.ஏ. என்ற அந்த ஒரு வரியைப் பற்றியது. ஐந்து மாதங்கள் எங்கள் வீட்டின் தூக்கத்தை எடுத்துக்கொண்டது அந்த வரிதான். வயதான தகப்பனாருக்காக இதேபோன்ற தொகுப்பை வாங்க எண்ணியிருக்கும் மகன்களும் மகள்களும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நிலையத்தின் பெயரை நான் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் குறை பெரும்பாலான தொகுப்புகளில் இருப்பதாகவே பின்னர் விசாரித்தபோது தெரிந்தது.

ரத்தம் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னபடி காலை 6.30 மணிக்கு வீட்டுக்கு வந்த பெண், அப்பாவின் நரம்பு எளிதில் அகப்படாது என்பதை அறிந்து பொறுமையாகத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்தார். சீசாக்களில் பெயரும் வயதும் எழுதி எங்களிடம் காட்டிச் சரிபார்த்தார். ஆனால் அவர் கொண்டுவந்த படிவத்தில் பெயர், வயது, கைப்பேசி எண், வெறும் வயிறா என்ற கேள்வி ஆகிய நான்குதான் இருந்தன. அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டு கேள்விகளும் கேட்கப்படாததே பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மறுநாள் மாலை அறிக்கை கைப்பேசிக்கு வந்தது. பதினொரு பக்கங்கள். ஏழாம் பக்கத்தில் பி.எஸ்.ஏ. மில்லிலிட்டருக்கு 5.9 நானோகிராம் என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கான குறியுடன் இருந்தது. இயல்பான அளவு 4 வரை என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசிய மருத்துவர் மூன்று நிமிடங்களுக்குள் முடித்துவிட்டார். புற்றுநோயாக இருக்கலாம், உடனே சுரப்பியில் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்துகொள்வது நல்லது, எங்களோடு தொடர்புடைய மருத்துவமனையில் சலுகை விலையில் ஏற்பாடு செய்து தருகிறோம் என்றார். அப்பா பேச்சை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எழுந்ததும் வீட்டுப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகங்களையும் மேசைமேல் எடுத்து வைத்து என்னை அழைத்தார். 32 ஆண்டுகள் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்தவர் அவர். கெட்ட செய்தி வந்தால் முதலில் கணக்கைத்தான் ஒழுங்குபடுத்துவார்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பியின் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். புற்றுச் செல்கள் மட்டும் அதைச் சுரப்பதில்லை; நல்ல செல்களும் சுரக்கின்றன. சுரப்பி வயதோடு பெருக்கும்போது அளவு உயரும். சிறுநீர்த் தொற்று வந்தால் உயரும், சிறுநீர் அடைத்துக் குழாய் பொருத்தினால் உயரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1986-இல் இந்தச் சோதனைக்கு முதலில் அனுமதி தந்தது, ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் இருப்பவர்களைக் கண்காணிப்பதற்காகத்தான். நோயைக் கண்டறிய உதவும் சோதனையாக அனுமதித்தது 1994-இல். நான்கு என்ற எல்லையும் எல்லா வயதுக்கும் பொருந்தும் சுவர் அல்ல. 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 70 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு 6.5 வரை இயல்பாகக் கொள்ளலாம் என்று வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியது. எல்லா வயதினருக்கும் ஒரே எல்லையை அச்சிட்டு, அதைத் தாண்டியவுடன் தடித்த எழுத்தில் எச்சரிக்கும் அறிக்கை, 45 வயதுக்காரரையும் 76 வயதுக்காரரையும் ஒரே தராசில் வைக்கிறது.

தொலைபேசியில் பரிந்துரைத்த மருத்துவமனைக்கு நாங்கள் போகவில்லை. என் கணவரின் அக்காள் சொன்னதன் பேரில் மதுரையில் ஒரு சிறுநீரகவியல் அறுவை மருத்துவரிடம் போனோம். ஆலோசனைக் கட்டணம் 700 ரூபாய். மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை அதுதான், மிகப் பயனுள்ளதும் அதுதான். அவர் ஏழாம் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் அறிக்கையை முதலிலிருந்து புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் சிறுநீர்ச் சோதனையின் முடிவில் நின்றார். அங்கே, தொற்றைக் காட்டும் சீழ்ச் செல்கள் 25 முதல் 30 வரை என்று இருந்தது. "ஐயா, யூரின் போகும்போது எரிச்சல் இருந்ததா?" என்று கேட்டார். இரண்டு வாரமாக இருந்தது என்று அப்பா சொன்னார். எங்களிடம் அதுவரை சொன்னதேயில்லை. பிறகு மாத்திரைகளைக் காட்டச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த பையைக் கவிழ்த்தேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றோடு, சிறுநீர் தடையின்றிப் போவதற்காக எங்கள் ஊர் மருத்துவர் ஒன்றரை ஆண்டுக்கு முன் எழுதிக் கொடுத்த டாம்சுலோசினும் டியூடாஸ்டரைடும் சேர்ந்த மாத்திரையும் இருந்தது. மருத்துவர் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்.

அவர் விளக்கியது இது. டியூடாஸ்டரைடு சுரப்பியைச் சுருக்கும் மருந்து. ஆறு மாதங்களுக்கு மேல் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும். ஆகவே அறிக்கையில் உள்ள எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். அந்தக் கணக்கில் அப்பாவின் 5.9 கிட்டத்தட்ட 12. ஆனால் சிறுநீர்த் தொற்று அதே எண்ணை எதிர்த்திசையில் உயர்த்திக் காட்டும். ஒன்று கீழே இழுக்க, மற்றொன்று மேலே தள்ள, நடுவில் நின்ற 5.9-க்கு எந்தப் பொருளும் சொல்ல முடியாது. அதை வைத்துப் பயாப்ஸி செய்யச் சொன்னதும் சரியல்ல, 'இந்த வயதில் 6.5 வரை இயல்புதானே' என்று விட்டுவிட்டிருந்தால் அதுவும் சரியல்ல. எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றும் நியாயமானதாகவே நினைக்கிறேன். தொற்றின் சான்று அதே நிலையத்தின் அதே அறிக்கையில், நான்கு பக்கங்களுக்கு முன்னால் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க அங்கே ஒருவரும் இல்லை.

எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீரை அனுப்பி, அதற்கேற்ற மருந்து கொடுத்து, எட்டு வாரம் பொறுத்து மறுபடி பி.எஸ்.ஏ. எடுக்கச் சொன்னார். மறு சோதனைக்கு முன் இரண்டு நாள் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்வதற்காக என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். மகளின் முன் ஒரு தகப்பனால் பேச முடியாத செய்தி இதில் உண்டு என்பதை அவர் நினைத்துப் பார்த்ததை மதிக்கிறேன். செப்டம்பர் இறுதியில் எடுத்தபோது 3.4 வந்தது, இரண்டால் பெருக்கினால் 6.8. ஸ்கேனில் சுரப்பியின் அளவு 62 மில்லிலிட்டர். 6.8-ஐ 62-ஆல் வகுத்தால் 0.11 வருகிறது. இதைப் பி.எஸ்.ஏ. அடர்த்தி என்கிறார்கள்; பொதுவாக 0.15-க்கு மேல் போனால்தான் கவலை கூடுகிறது. வகுத்தல் கணக்கை அப்பா தானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

இந்த இடைக்காலத்தில் உறவினர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 82 வயதில், எலும்புக்குப் பரவிய நிலையில், பத்து வரை போகும் கிளீசன் அளவில் 9 என்ற கடுமையான புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டிருந்தது. அவருக்குக் கடைசியாகப் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014-இல் என்றும் செய்தி வந்தது. "அவ்வளவு பெரிய ஆளுக்கே பார்க்காமல் விட்டதால்தானே இப்படி ஆயிற்று, நீ ஏன் காத்திருக்கிறாய்?" என்று என் சித்தப்பா தினமும் கேட்டார். மருத்துவரிடம் இதை நேராகவே கேட்டேன். நோய்க்குறி எதுவும் இல்லாத, 70 வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பி.எஸ்.ஏ. சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல் பரிந்துரைத்தது என்றும், 55 முதல் 69 வயது வரையுள்ளவர்கள் மருத்துவரோடு பேசித் தாங்களே முடிவெடுக்க வேண்டும் என்று அதே குழு சொன்னது என்றும் அவர் கூறினார். சோதனையால் எவருக்குமே பயனில்லை என்பது அதன் பொருளல்ல. பைடனைப் போன்ற கடுமையான நோய் சிலருக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் எழுபதைத் தாண்டிய ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திச் சோதித்தால், அந்தச் சிலரைப் பிடிப்பதைவிட, வாழ்நாள் முழுதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளைத் தோண்டியெடுத்து மருத்துவம் செய்து வருத்தும் வாய்ப்பே அதிகம் என்பதே கவலை. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலைக் கூறாய்வு செய்து பார்க்கும்போது, 80 வயதை நெருங்கியவர்களில் பெரும் பங்கினருக்கு, அவர்களே அறியாத புராஸ்டேட் புற்று இருப்பது தெரிகிறது.

இதன் பிறகு நானே தேடிப் படித்ததில் என் மனத்தை மாற்றியது ஐரோப்பாவின் நீண்டகால ஆய்வு. 1990-களில் தொடங்கி, 55 முதல் 69 வயது வரையுள்ள 1,62,000 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பி.எஸ்.ஏ. சோதனைக்கு அழைத்தார்கள். 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த முடிவு 2025-இல் வெளியாயிற்று. அழைக்கப்பட்ட பிரிவில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 13 விழுக்காடு குறைவு. அதாவது 456 பேரைச் சோதனைக்கு அழைத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது. பயன் உண்மையானது, இதைப் படித்த பிறகு 55 வயதை எட்டப்போகும் என் கணவரிடம் சோதனை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பயன் இந்த அளவை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது, சேர்க்கப்பட்டவர்கள் எழுபதைத் தொடாதவர்கள். 76 வயதில், 15 ஆண்டுச் சர்க்கரையோடும் 2017-இல் வைத்த இதய ஸ்டென்டோடும் இருக்கும் என் அப்பாவுக்கு அந்த எண்ணைக் காட்டிச் சோதனையை விற்பது முறையாகாது. 'மூத்த ஆண்களுக்கான' என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்பில், மூத்த ஆண்களுக்கு வழக்கமாக வேண்டாம் என்று சொல்லப்படும் சோதனை கேட்காமலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் அரசின் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்குத்தான். புராஸ்டேட்டுக்கு நாடு தழுவிய திட்டம் எதுவும் இல்லை. எனவே சோதனை யாருக்கு, எந்த வயதில் என்ற கேள்வியை நம்மிடம் கேட்பவர் எவருமில்லை. தொகுப்பின் பட்டியலே அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

அக்டோபரில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். புராஸ்டேட் எம்.ஆர்.ஐ.யில் சந்தேகத்தின் அளவை 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். அப்பாவுக்கு ஓரிடத்தில் 4 என்று வந்தது. பயாப்ஸி செய்வதா வேண்டாமா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. அப்போது மருத்துவர் அப்பாவிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கப்போவதில்லை. "ஐயா, இதில் கடுமையான நோய் என்று தெரிந்தால் வைத்தியம் செய்துகொள்வீர்களா? எது வந்தாலும் ஒன்றும் செய்துகொள்ளப் போவதில்லை என்று மனத்தில் முடிவு இருந்தால், ஊசி குத்தவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள், அதுவும் ஒரு சரியான வழிதான்." அப்பா இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அம்மாவோடு பேசினார், என்னோடு பேசினார், அதைவிட அதிக நேரம் தனியே உட்கார்ந்திருந்தார். கடுமையானதாக இருந்தால் ரேடியேஷன் வரை போகச் சம்மதம், அறுவை சிகிச்சைக்குச் சம்மதமில்லை, ஆகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று தன் முடிவைச் சொன்னார். இதற்கு முன் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை, நான் உட்பட. ஜூலையில் தொகுப்பை வாங்கியபோது பி.எஸ்.ஏ. என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, சம்மதமும் கேட்கப்படவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் ஆள் நான்தான்.

அதே சந்திப்பில் மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் அப்பாவிடம் ஒரு சிறு கேள்வித்தாளை நிரப்பினார். கடந்த மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, தானே எழுந்து நடமாடுகிறாரா, ஞாபகம் எப்படி, ஒரு நாளில் எத்தனை வகை மருந்து சாப்பிடுகிறார், அவர் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டால் தம் உடல்நிலையை எப்படிக் கருதுகிறார் என்பவை போன்ற எட்டு அம்சங்கள். முதியோர் புற்றுநோய் மருத்துவத்தில் 'ஜி 8' என்று வழங்கும் இதற்கு மொத்தம் 17 புள்ளிகள். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழுமையான முதுமை மதிப்பீடு செய்ய வேண்டும். அப்பாவுக்கு 14.5 வந்தது. வயது 76 என்பதைவிட அவர் எப்படி நடமாடுகிறார் என்பதுதான் எந்தச் சிகிச்சையைத் தாங்குவார் என்பதைச் சொல்லும் என்று விளக்கினார்கள். ஐந்து நிமிட வேலை. பதினொரு பக்க அறிக்கையில் இல்லாத ஒரு மனிதர் இந்த ஒரு தாளில் இருந்தார்.

ஸ்டென்ட் இருப்பதால் ரத்தம் இளக்கும் மாத்திரைகளில் எதை எத்தனை நாள் நிறுத்தலாம் என்று இதய மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிவரச் சொன்னார்கள். பயாப்ஸியை மலக்குடல் வழியாகச் செய்யாமல், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகச் செய்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொற்று பரவும் ஆபத்து இதில் குறைவு. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி, திசு ஆய்வு எல்லாம் சேர்த்து 40,000 ரூபாயைத் தாண்டியது. மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது, காய்ச்சல் வரவில்லை.

முடிவு: புற்றுநோய் இருக்கிறது, கிளீசன் 3+3=6. இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-களில் அமெரிக்க நோய்க்கூறு வல்லுநர் டொனால்டு கிளீசன் வகுத்த முறை இது. நுண்ணோக்கியில் செல்களின் அமைப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதற்கு இரண்டு எண்களைத் தந்து கூட்டுகிறார்கள். மொத்தம் 10 வரை போகும். இன்றைய வழக்கில் பயாப்ஸிக்குத் தரப்படும் மிகக் குறைந்த மொத்தமே 6. இது தெரியாதவர் கண்ணுக்கு 6 என்பது பத்துக்கு ஆறு, பாதிக்கும் மேல். அப்பாவும் அப்படித்தான் படித்தார். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி வழி கடந்துவிட்டதா என்று கேட்டார். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2014-இல் நோய்க்கூறு வல்லுநர்கள் ஒன்றுமுதல் ஐந்துவரை புதிய தரப் பிரிவை ஏற்றுக்கொண்டார்கள். அதில் அப்பாவுடையது முதல் தரம், எல்லாவற்றிலும் மெதுவானது. கிளீசன் 6-ஐப் புற்றுநோய் என்ற பெயரால் அழைக்கலாமா என்றே மருத்துவர்களிடையே விவாதம் நடக்கிறது. பெயரை மாற்றுவதா என்பதில் எனக்குக் கருத்துச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் 'புற்று' என்ற சொல் ஒரு முதியவரின் மேசைக்கு வீட்டுப் பத்திரத்தை வரவழைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில், அந்தச் சொல்லோடு விளக்கமும் சேர்ந்து வர வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

சிகிச்சை பற்றிய பேச்சு 40 நிமிடம் நடந்தது. சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சையை மருத்துவர் முதலிலேயே விலக்கினார். 76 வயதில், ஸ்டென்ட் வைத்த இதயத்தோடு, மெதுவாக வளரும் கட்டிக்காக மயக்க மருந்தின் ஆபத்தையும் பின்னர் சிறுநீர் கசியும் தொல்லையையும் ஏற்பது பொருந்தாது என்றார். ரேடியேஷன் என்றால் இப்போது நான்கு வாரங்களில் இருபது முறையில் முடித்துவிட முடியும். ஆனால் மலக்குடல் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லையும் சிலருக்கு நீடிக்கும். ஹார்மோனை அடக்கும் ஊசி இந்த நிலையில் தேவையேயில்லை என்று அழுத்திச் சொன்னார். இதைக் கேட்டு நான் வியந்தேன், ஏனென்றால் எங்கள் பெரியப்பாவுக்கு அதைத்தான் செய்தார்கள். பிறகுதான் வேறுபாடு புரிந்தது. பெரியப்பா முதுகு வலியோடு போனபோது நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் பரவிய புராஸ்டேட் புற்று அடங்கும் என்பதை சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார், 1966-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்; இன்றும் பரவிய நோய்க்கு அதுவே அடிப்படை. பெரியப்பாவுக்கு மாதம்தோறும் ஊசிக்குச் செலவழிக்க வசதியில்லாததால் விதைகளை அகற்றும் சிறிய அறுவை சிகிச்சை செய்தார்கள். அது அவருக்குச் சரியான முடிவு. வலி போயிற்று, நான்கு ஆண்டுகள் நடமாடினார். அதே ஹார்மோன் சிகிச்சையை அப்பாவுக்குக் கொடுத்திருந்தால் எலும்பு தேய்ந்திருக்கும், தசை குறைந்திருக்கும், சர்க்கரை கூடியிருக்கும், இதயத்துக்கும் சுமை ஏறியிருக்கும். பதிலுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒரே நோயின் பெயர், ஒரே குடும்பம், இரண்டு அண்ணன் தம்பிகள், இரண்டு வேறு முடிவுகள்.

மீதமிருந்த வழி கண்காணிப்பு. மருத்துவர் இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினார். தீவிரக் கண்காணிப்பு என்றால் குறித்த காலத்தில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்ஸி என்று பின்தொடர்ந்து, நோய் வேகமெடுத்தால் அதை அடியோடு நீக்கும் சிகிச்சைக்குப் போவது. பொறுத்திருந்து பார்ப்பது என்றால் சோதனைகளைக் குறைத்துக்கொண்டு, தொல்லை வந்தால் தொல்லைக்கு மட்டும் மருத்துவம் செய்வது. பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையுள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, ரேடியேஷன் என்று மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-இல் வெளிவந்தது. புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1 விழுக்காடு, அறுவையில் 2.2, ரேடியேஷனில் 2.9. மூன்று பிரிவினரிடையேயும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நோய் பரவியது மட்டும் கண்காணிப்புப் பிரிவில் அதிகம்: 9.4 விழுக்காடு, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 5. இந்த ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னதால்தான் மற்றவற்றையும் நம்பினோம். அப்பாவைவிட இளையவர்களுக்கே 15 ஆண்டுகளில் இவ்வளவுதான் வேறுபாடு என்றால் தன் 76 வயதுக்கு என்ன கணக்கு என்பதை அவர் தாளில்லாமலேயே போட்டுவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஓராண்டில் ஒரு எம்.ஆர்.ஐ., 80 வயதானதும் அதையும் குறைத்துக்கொண்டு பொறுத்திருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. டியூடாஸ்டரைடு தொடர்கிறது, எனவே வரும் எண்களை எப்போதும் இரண்டால் பெருக்க வேண்டும் என்பதை மருத்துவரே சிவப்பு மையில் மருந்துச் சீட்டின் மேல் எழுதிக் கொடுத்தார்.

இனித் தொகுப்பின் மதிப்பீடு. ரத்தம் எடுக்கும் சேவைக்கும் நேரந்தவறாமைக்கும் முழு மதிப்பெண் தருவேன். பி.எஸ்.ஏ.வைக் கையாண்ட விதத்துக்கு ஐந்தில் ஒன்றுதான். ஆய்வகத்தின் எண் பிழையானது என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் சரியாகத்தான் அளந்திருக்கும். பிழை அதன் முன்னும் பின்னும் இருக்கிறது. ரத்தம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை, எடுத்த பிறகு படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை, முடிவைச் சொன்னவர் மூன்று நிமிடத்தில் ஒரு முதியவரைப் பயாப்ஸி மேசைக்கு அனுப்பப் பார்த்தார். அந்தச் சொல்லைக் கேட்டு உடனே போயிருந்தால், சிறுநீரில் கிருமி இருக்கும்போதே, ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தாமலேயே ஊசி குத்தியிருப்பார்கள். அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறேன்.

இத்தொகுப்பை யாருக்குப் பரிந்துரைப்பேன்? சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை பார்க்க விரும்பும் முதியவருக்குத் தாராளமாக வாங்கலாம், பி.எஸ்.ஏ.வை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு, அதை ஒரு மருத்துவரோடு பேசிய பிறகு தனியே எடுங்கள். நான் கேட்டபோது நீக்க முடியும் என்றார்கள், விலை குறையாது என்பது வேறு செய்தி. சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, இடுப்பிலும் முதுகிலும் விடாத எலும்பு வலி, காரணமின்றி எடை குறைதல் என்று எதுவும் இருந்தால் தொகுப்புக்கே போகாதீர்கள்; நேரே மருத்துவரிடம் போங்கள். அங்கே எடுக்கும் பி.எஸ்.ஏ. முன்கண்டறியும் சோதனை அல்ல, நோய் அறியும் சோதனை, வயது 70 ஆனாலும் 85 ஆனாலும் அது தேவை. நம் நாட்டில் பலர் எங்கள் பெரியப்பாவைப் போல எலும்புக்குப் பரவிய பிறகே மருத்துவரைப் பார்க்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. 60 வயதை ஒட்டிய, உடல் நலத்தோடு இருக்கிற, தகப்பனுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்திருக்கிற ஆண்கள் சோதனையைத் தள்ளிப் போடாமல் அதைப் பற்றிப் பேசியாவது முடிவெடுக்க வேண்டும்; அந்த வரிசையில் இப்போது என் தம்பியும் இருக்கிறான்.

டிசம்பரில் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். படிவத்தில் மாத்திரை, சிறுநீர் எரிச்சல் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்க்கவும், 70 வயதைத் தாண்டியவர்களிடம் பி.எஸ்.ஏ. வேண்டுமா என்று கேட்டு ஒப்பம் வாங்கவும், அளவு உயர்ந்திருந்தால் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் அழைத்துச் சொல்லவும் கேட்டிருந்தேன். கிளை மேலாளர் மரியாதையாகப் பேசினார், தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பிப்ரவரியில் அம்மாவின் தைராய்டு சோதனைக்காக அதே பெண் வீட்டுக்கு வந்தபோது படிவத்தை வாங்கிப் பார்த்தேன். தற்போது உட்கொள்ளும் மருந்துகள் என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. சிறுநீர்த் தொற்று பற்றிய கேள்வியும் ஒப்பத்துக்கான இடமும் இன்னும் வரவில்லை. அவற்றுக்காக மறுபடியும் எழுதியிருக்கிறேன்.